பதினேழாம் நம்பர் பானா

ஏ4 தாளின் அளவு 297 மில்லிமீட்டருக்கு 210. என் பிழைப்பே அந்தத் தாளில்தான். மெய்ப்புப் பார்ப்பது வேலை. காலையிலிருந்து மாலைவரை ஒற்றுப்பிழை, விட்டுப்போன மேற்கோள்குறி, இரண்டு முறை விழுந்த ‘என்று’ இவற்றைப் பொறுக்கிக்கொண்டிருப்பேன். அலுத்துப்போன ஒரு மதியத்தில் அந்தத் தாளை வைத்தே ஒரு கணக்குப் போட்டேன். இதை 1:24 அளவில், அதாவது நிஜத்தில் 24இல் ஒரு பங்காக, ஒரு தரை என்று வைத்துக்கொண்டால் நிஜத்தில் எவ்வளவு பெரிய இடம்? நீளம் 7 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 5 மீட்டர். ஒரு காரை உள்ளே விட்டு, சுற்றி நடக்க வழி விட்டு, சுவரோரம் ஒரு பெஞ்சும் போடலாம். ஒரே ஒரு வண்டி நிற்கிற ஒர்க் ஷாப்.

வீட்டு அலமாரியில் 1:24 அளவில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் மாடல் கிட் ஒன்று பல வருடமாகப் பிரிக்காமல் கிடந்தது. நிஜ பீட்டிலின் நீளம் 4 மீட்டருக்கு ஒட்டி வரும். மாடலில் 17 சென்டிமீட்டர். பெட்டியிலிருந்து அடிப்பாகத்தை எடுத்துத் தாளின் மேல் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வேலை பதினான்கு மாதம் இழுத்துவிட்டது.

1:24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். கணக்குப் போடச் சுலபம் என்பதால்தான் எனக்கு அது பிடித்தது. 200 லிட்டர் எண்ணெய் பேரல் மூன்றரை சென்டிமீட்டர் உயரம் வரும். வேலை பெஞ்சும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஓர் ஆள் நின்றால் என் நடுவிரல் அளவு இருப்பான். ஆனால் ஆளையே வைக்கப் போவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். பெயின்ட் அடித்த பொம்மை மனிதர்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம் கண் முதலில் அவர்களிடம்தான் போகிறது. போனதும், ‘ஓ, பொம்மை’ என்று சொல்லிவிடுகிறது. மெக்கானிக் இப்போதுதான் வெளியே போனார் என்று தோன்ற வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அது எவ்வளவு பெரிய ஆசை என்று அப்போது தெரியாது.

முதலில் தரை. எம்டிஎஃப் பலகையை வெட்டி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து 4 மில்லி கனத்துக்கு ஊற்றி, பழைய ஸ்கேலை வைத்து மட்டம் தட்டினேன். பிளாஸ்டர் இறுகும்போது சூடு விடும். கையை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. ஏதோ உயிருள்ள ஒன்றைத் தொட்ட மாதிரி சந்தோஷமாகத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பலகை கவிழ்த்த தோணி போல வளைந்து கிடந்தது. மேல்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பிவிட்டது, கீழ்ப்பக்கம் காய்ந்தபடியே இருந்திருக்கிறது. பீட்டிலை நடுவில் வைத்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது.

இரண்டாவது பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கை வார்னிஷ் அடித்து, அடியில் குறுக்குச் சட்டமும் வைத்தேன். வளையவில்லை. பாதி இறுகிய நிலையில் கத்தி முனையால் காங்கிரீட் கட்டங்களுக்கு இடையிலான கோடுகளைக் கீறினேன். அப்புறம், பழைய தரை என்றால் விரிசல் இல்லாமலா என்று கைபோன போக்கில் நாலு விரிசல் போட்டேன். கட்டத்தின் நட்டநடுவில், மின்னல் வெட்டு மாதிரி. பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் நிஜக் காங்கிரீட்டைக் கொஞ்சம் கவனித்தால் தெரியும்: ஒரு குழியின் மூலை, ஒரு தூணின் ஓரம், ஒரு குழாய் இறங்குகிற இடம், இப்படி ஏதாவதொரு முனையிலிருந்துதான் அது விரியத் தொடங்குகிறது. விரிசலுக்கும் ஓர் ஆரம்பம் உண்டு. என்னுடைய நாலையும் பூசி அடைத்துவிட்டு, பேரல் வைக்கிற மேடையின் மூலையிலிருந்து ஒன்றே ஒன்றை இழுத்தேன்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காங்கிரீட் சாம்பல் நிறம் என்று நினைத்துச் சாம்பல் நிற டப்பாவைத் திறக்காதீர்கள். மணல் நிறம் ஒரு பூச்சு, வெளிர்சாம்பல் ஒரு பூச்சு, அங்கங்கே பழுப்பு, எல்லாவற்றையும் நீர்க்கக் கரைத்து ஒன்றின் மேல் ஒன்றாக. இன்னொன்று, எந்த நிறத்தையும் ஒரு படி வெளுப்பாக எடுங்கள். மாடலை 40 சென்டிமீட்டர் தள்ளி வைத்துப் பார்க்கிறோம் என்றால், அந்த உலகத்தில் நாம் கிட்டத்தட்ட 10 மீட்டர் தள்ளி நிற்கிறோம். அவ்வளவு தூரத்தில் கறுப்பு கறுப்பாகவே தெரியாது. டயருக்கு அட்டைக்கறுப்பு அடித்தால் பொம்மை டயர். கரும்சாம்பல் அடித்தால் டயர்.

சுவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஃபோம் போர்டு, மேலே மெல்லிய பூச்சு, இடுப்பளவுக்குக் கீழே அழுக்குத் தெரியாத கரும்பச்சை. இரண்டு சுவர்தான் முழுசு. மற்ற இரண்டு பக்கமும் திறந்தே விட்டேன், இல்லாவிட்டால் யார் எப்படி உள்ளே பார்ப்பது?

ஜன்னல் கண்ணாடி மட்டும் தனிக்கதை. முதலில் ஒரு பெட்டியின் மேலிருந்த ஒளிபுகும் பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டினேன். சூப்பர் குளூவால் ஒட்டியதில் மறுநாள் அது முழுக்க வெள்ளைப் புகை படிந்துவிட்டது. அந்தப் பசையின் ஆவி பக்கத்தில் இருக்கிற வழவழப்பான இடமெல்லாம் போய்ப் படியும். விரல் ரேகை இருந்தால் அதையும் அச்சடித்தது போலக் காட்டிக்கொடுக்கும். பிய்த்துப் போட்டேன். அப்புறம் ஒரு கணக்கு. சாதாரண ஜன்னல் கண்ணாடி 4 மில்லி கனம். அதை 24ஆல் வகுத்தால் 0.17 மில்லி. மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடின் மேல் மூடுகிற சின்னக் கண்ணாடிச் சில்லு இருக்கிறதே, கவர் ஸ்லிப், அதன் கனம் கிட்டத்தட்ட அதேதான். யாரோ எனக்காகவே 1:24 ஜன்னல் கண்ணாடி தயாரித்து வைத்திருக்கிறார்கள்!

அதை வெட்டுவது ஒரு தவம். வைரமுனைப் பேனாவால் ஒரே ஒரு கோடு, அழுத்தாமல். பிறகு விளிம்பில் வைத்து மூச்சுவிடாமல் ஒரு தட்டு. பன்னிரண்டு சில்லு உடைந்து ஆறு ஜன்னல் தேறியது. உடைந்த ஒன்று நிஜக் கண்ணாடி உடைவது போலவே, ஒரு மூலையிலிருந்து விசிறியாக விரிசல்விட்டிருந்தது. அதையும் சட்டத்தில் பொருத்தி, உடைந்த இடத்தில் ஒரு சின்னப் பழுப்புத் தாளை ஒட்டினேன். இந்த ஜன்னலை உடைத்தது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்பேனர் செய்வதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், எனக்கு அதில் பெருமை உண்டு. கையில் பிடிக்கிற நடுத்தர ஸ்பேனர் 20 சென்டிமீட்டர் இருக்கும். நமக்கு 8 மில்லி. அரை மில்லி கனச் செம்புக்கம்பியில் 9 மில்லி வெட்டி, அதன் இரண்டு முனையையும் இரும்புக்கட்டியின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டினால் தட்டையாக விரியும். நாலைந்து தட்டுக்கு மேல் செம்பு விறைத்துப்போய் ஓரத்தில் கீறல் விடும். அப்போது தீயில் காட்டிச் சிவக்கவிட்டு ஆறவைத்தால் மறுபடி இளகிவிடும். பிறகு மெல்லிய அரத்தின் ஓரத்தால் முனையில் வாய் எடுக்க வேண்டும். வாய் நேராக இருக்கக் கூடாது, 15 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். நிஜ ஸ்பேனரின் வாய் அப்படித்தான் இருக்கும், இடுக்கான இடத்தில் திருப்பிப் போட்டு மறுபடி பிடிக்க. கடைசியில் கரும்சாம்பல் பெயின்ட், காய்ந்ததும் மேலே 6பி பென்சில் கரியை விரல் நுனியால் தேய்த்தால் இரும்பு பிறந்துவிடும். பிடி தேய்ந்து பளபளக்கும் இடத்தில் மட்டும் இன்னொரு தேய்ப்பு.

ஒன்று செய்ய ஏறக்குறைய ஒரு மணிநேரம். ஒன்பது செய்தேன். சுவரில் ஒரு பலகை அடித்து, ஒவ்வொன்றின் உருவத்தையும் வெள்ளைக் கோட்டால் வரைந்து, அதன் மேல் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக மாட்டினேன். கோட்டு உருவங்கள் பத்து. கீழிருந்து ஏழாவது இடத்தைக் காலியாக விட்டேன். எல்லாமே இருந்தால் கடையில் விற்பனைக்கு வைத்தது போல இருக்கும், ஒன்று இல்லாமல் போனால் யாரோ எடுத்து வேலை செய்கிறார்கள் என்று தோன்றும் என்பது என் சாமர்த்தியம்.

அதன் பிறகு டிராலி ஜாக்கி, அதன் நீளக் கைப்பிடி, உருளும் சக்கரம். பெஞ்சின் மேல், பொருளை இறுக்கிப் பிடிக்கிற வைஸ். படுத்தபடி வண்டிக்கு அடியில் போகிற சக்கரப் பலகை. எண்ணெய்க் கேன், புனல், கிரீஸ் டப்பா, பழைய டயர் நாலு, கழற்றிப் போட்ட ஆயில் ஃபில்டர் ஒரு தொட்டியில். மூலையில் கந்தல் துணிக் குவியல். அது மெல்லிய காகிதத்தை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்துக் கசக்கியது. பீட்டிலின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் படுக்கைப் பலகையைப் பாதி நுழைத்து வைத்தேன். கடைசியாகக் கறை. காரின் முன்பக்கத்துக்கு அடியில் நல்ல கறுப்பாக ஓர் எண்ணெய்க் குட்டை, பக்கத்தில் வித்தியாசத்துக்குப் பச்சையாகக் கொஞ்சம் கூலன்ட். நாள் முழுக்கப் பிழையை எடுக்கிறவள் ராத்திரியில் உட்கார்ந்து அழுக்கை வைக்கிறேன் என்று வீட்டில் கிண்டல் செய்தார்கள்.

பத்தாவது மாதம் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவின் தம்பி. நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்து இப்போது ஓய்வில் இருக்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. ‘அடேயப்பா’ என்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

“இந்த ஆயில் எங்கிருந்தும்மா ஒழுகுது?”

“இன்ஜின்லேர்ந்து மாமா.”

“பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால இல்ல இருக்கு. முன்னால டிக்கிதான்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. பின்பக்க மூடியைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கிற இன்ஜினுக்கு ஒயர்கூட இழுத்து விட்டவள் நான். முன்பக்கம் என்றால் இன்ஜின் என்று கை தானாகப் போயிருக்கிறது.

“சரி, இதென்ன பச்சையா?”

“கூலன்ட்…” சொல்லும்போதே தெரிந்துவிட்டது.

“காத்துல குளிர்ற இன்ஜின்மா அது. ரேடியேட்டரே கிடையாது.”

ஒரு நாவலின் 112ஆம் பக்கத்தில் அத்தையின் பெயர் மாறிப்போனதைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் வட்டம் போடுகிற ஆள், ரேடியேட்டர் இல்லாத வண்டிக்கு அடியில் ரேடியேட்டர் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறேன்.

மாமா நிறுத்தவில்லை. அடுத்தது அவருக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம். “ஸ்டாண்டு எங்க? வெறும் ஜாக்கியில தூக்கிட்டு எவன் அடியில படுப்பான்? ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான். தூக்கினதும் ஸ்டாண்டு குடுத்து அதுமேல இறக்கி வைக்கணும். இந்தப் படுக்கைப் பலகையை முதல்ல வெளிய எடு.” மாடல்தானே மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இடுக்கியால் பலகையை வெளியே இழுத்து வைத்தேன். 

அப்புறம் வைஸ். நான் அதைப் பெஞ்சின் நடுவில், ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, பார்க்கச் சமச்சீராக இருக்கட்டும் என்று ஒட்டியிருந்தேன். வைஸின் அசையாத தாடை பெஞ்சின் ஓரத்தைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டுமாம். அப்போதுதான் நீளமான குழாயை நிறுத்தி வைத்துப் பிடித்தால் பெஞ்சில் இடிக்காமல் கீழே இறங்கும். அதோடு, பெஞ்சின் கால் எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் சுத்தியலால் அடிக்கிற அடியெல்லாம் பலகைக்குப் போகும். இதையெல்லாம் அவர் சொல்லும்போது கை காற்றில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தொட்டியில் கிடந்த ஆயில் ஃபில்டரையும் விரலால் காட்டினார். “பழைய பீட்டிலுக்கு ஃபில்டர் கிடையாது. அடியில ஒரு வலைதான், கழட்டிக் கழுவி மாட்டணும்.”

“அது போன வாரம் வந்த வேற வண்டியோடது மாமா.”

கொஞ்சம் யோசித்தார். “சரி, இருக்கட்டும்.”

அன்றைக்கு நான் ஜெயித்த ஒரே இடம் அது. ஆனால் அந்த ஒரு பதிலில்தான் எனக்கு ஏதோ பிடிபட்டது. ஃபில்டர் அங்கே இருக்கலாம், ஏனென்றால் அதற்கு ஒரு போன வாரம் இருக்கிறது. பச்சைக் கறைக்கு அப்படி எதுவும் இல்லை. பத்து மாதமாக நான் பொருட்களைச் செய்திருக்கிறேன்; அவை அங்கே எப்படி வந்தன என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

இதே விஷயத்தைத் தொழிலாகவே செய்த ஒரு பெண்மணியைப் பற்றி முன்பு படித்திருக்கிறேன். அமெரிக்காவின் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ. 1940களில், சந்தேக மரணங்களைத் துப்புத்துலக்கும் போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்க, மரணம் நடந்த அறைகளை 1:12 அளவில் மாடலாகச் செய்தார். பொம்மையின் காலுறையைக்கூட குண்டூசிகளைப் பின்னல் ஊசியாக வைத்துப் பின்னினாராம். அந்த உழைப்பைப் பற்றித்தான் எல்லோரும் வியந்து எழுதுகிறார்கள். நானும் அப்போது காலுறையைத்தான் வியந்தேன். மாமா போன பிறகு யோசித்தால், காலுறை பெரிய விஷயமே இல்லை. அந்த அறையில் ஒவ்வொரு கறையும் எங்கிருந்து வந்தது என்று ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்து கேட்பான், அதற்கு அறையில் பதில் இருக்க வேண்டும். பதினெட்டு மாடல்கள் இன்றைக்கும் பால்டிமோரில் இருக்கின்றன, பயிற்சிக்கும் பயன்படுகின்றன. என் போலீஸ்காரர் நாற்காலி போட்டுக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தரையில் கறை இருந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மேட் வார்னிஷ் அடித்து முடித்திருந்ததால் வேறு வழியில்லை. இரண்டு ராத்திரி. தேய்க்கும்போது மூக்கில் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதல்ல.

மாமாவிடம் போனில் கேட்டுக் கேட்டு ஒழுகும் இடங்களை ஒரு தாளில் குறித்தேன். பீட்டில் இன்ஜினில் சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் இருக்கும். அவற்றுக்கு அடியில் புஷ்ராடு (வால்வைத் திறக்கிற தள்ளுகம்பி) குழாய்கள் ஓடும். அந்தக் குழாய் முனைகளில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற சீல்தான் முதலில் காய்ந்துபோய் எண்ணெயை விடும். அதனால் வண்டி நின்ற இடத்தில் இடதும் வலதுமாக இரண்டு வரிசைச் சொட்டு. இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் முன்னால், கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஒன்று: ஃப்ளைவீல் சீல் போனால் வருவது. “அந்த நடுச்சொட்டு இருந்தா இன்ஜினைக் கீழ இறக்கித்தான் ஆகணும்” என்றார். சரி, அப்படியானால் என் பட்டறையில் நடக்கிற வேலையே அதுதான் என்று வைத்துக்கொண்டேன். இன்ஜினை இறக்கப் போகிறார்கள். அதற்காகத்தான் பின்பக்கத்தைத் தூக்கியிருக்கிறார்கள். ஸ்டாண்டு இரண்டு செய்து குடுத்தாகிவிட்டது. ஜாக்கி இப்போது இன்ஜினுக்கு நேர் அடியில் வர வேண்டும், சுமார் நூறு கிலோவை அது தாங்கப் போகிறது. பெட்ரோல் குழாய் கழற்றப்பட்டு முனையில் ஒரு பென்சில் துண்டு செருகியிருக்கிறது (மாமாவின் யோசனை, ஒழுகாமல் இருக்க). ஆக்ஸிலரேட்டர் கேபிள் தொங்குகிறது. ஒயர்கள் ஓரமாக ஒதுக்கியிருக்கின்றன. ஒரு காரணம் கிடைத்ததும் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றன.

சொட்டு வைப்பது எப்படி என்றால், பிரஷ் உதவாது. என்னிடம் இருந்த மிகச் சின்னப் பிரஷ் 3 மில்லிப் புள்ளி வைத்தது. நிஜத்தில் அது 7 சென்டிமீட்டர் வட்டம். சொட்டு அல்ல, கவிழ்ந்த கரண்டி. தையல் ஊசியின் முனையை, பர்ன்ட் அம்பர் என்கிற கரும்பழுப்பு ஆயில் பெயின்டும் துளிக் கறுப்பும் கலந்த வைட் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைப்பான்) தோய்த்துத் தரையில் தொட்டால், ஒரு மில்லிக்கும் குறைவாக ஒரு வட்டம் பரவி, ஓரத்தில் மெல்லிய கருவளையத்தோடு நிற்கும். ஒன்று. அது காய்ந்ததும் அதன்மேல் பாதி ஏறினாற்போல் இன்னொன்று. பழைய சொட்டுகள் தரைக்குள் ஊறிப்போனவை, அதனால் மங்கலாக, வெளுத்து இருக்க வேண்டும். புதியவை கறுப்பு. இன்றைக்குக் காலையில் விழுந்த இரண்டு சொட்டுகளுக்கு மட்டும், கடைசியில், ஊசி முனையால் பளபளப்பு வார்னிஷ். நூற்றுச்சொச்சம் சொட்டுகளில் மினுங்குவது அந்த இரண்டுதான். தலையை அசைத்தால் அவை மட்டும் விளக்கைப் பிடித்துக் கண்ணடிக்கும்.

பிறகு நடமாட்டம். பெஞ்சிலிருந்து வண்டியின் பின்பக்கத்துக்கு ஆள் நடக்கிற வழி கறுத்து, வழவழத்து இருக்க வேண்டும். வண்டியின் முன்பக்கம் யாருக்கும் வேலை இல்லாத இடம், அங்கே தூசி படியலாம். விளக்கு சுவிட்ச் தரையிலிருந்து 5 சென்டிமீட்டரில். அதைச் சுற்றி, குறிப்பாகக் கீழே, கை பட்ட அழுக்கு. உடைந்த ஜன்னலுக்கும் ஒரு வழி செய்தேன். அதற்கு நேராகத் தரையில் ஒரு நீளக் குழாயைச் சாய்த்து வைத்தேன், அவ்வளவுதான்.

விளக்கு பற்றிச் சுருக்கமாக. நாலடி ட்யூப்லைட் 5 சென்டிமீட்டர் வரும். மங்கலான பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னால் மூன்று பொடி எல்இடிகளை வரிசையாக வைத்து ஒட்டினேன். ஒவ்வொன்றும் 1.6 மில்லி நீளம். மூக்கிலிருந்து மூச்சு விட்டாலே பறந்துபோகும். முதல் தடவை ஒளிர்ந்தபோது விளக்கின் சட்டம் முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிவிட்டது, பிளாஸ்டிக் வெளிச்சத்தை விட்டுவிடும் என்பதை மறந்துபோனேன். உள்ளே கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடித்ததும் அடங்கியது. பழைய ட்யூபின் இரு முனையும் கறுத்திருக்குமே, அதையும் நீர்த்த பெயின்டால் தொட்டுவைத்தேன். அதற்கு ஊசி வேண்டியிருக்கவில்லை.

படம் எடுக்கும்போது செல்போனை மேலிருந்து பிடிக்காதீர்கள். நின்று பார்க்கிற ஆளின் கண் 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நமக்கு ஆறேமுக்கால் சென்டிமீட்டர். லென்ஸை அந்த உயரத்துக்கு இறக்குங்கள். திடீரென்று நாம் வாசலில் நிற்போம். நான் அப்படி எடுத்த முதல் படத்தில், தரையின் குறுக்கே கறுப்பாக ஒரு கேபிள் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு கேபிளை நான் போட்டதே இல்லை. என் தலைமுடி. வார்னிஷில் ஒட்டிக் காய்ந்திருந்தது. ஒரு முடி அந்த உலகத்தில் கிட்டத்தட்ட 2 மில்லி கனம். எடுக்கப் பார்த்தேன், வரவில்லை. ஒரு முனையைச் சுவர் ப்ளக்கிலும் இன்னொரு முனையைக் கைவிளக்கிலும் சேர்த்துவிட்டேன். இப்போது அது கேபிள்தான்.

போன மாதம் மாமா மறுபடி வந்தார். மறுபடி நாற்காலி, மறுபடி கண்ணாடி. சொட்டுகளைப் பார்த்தார். நடுச்சொட்டைப் பார்த்து ‘ம்’ என்றார். குனிந்து ஸ்டாண்டுகளை எண்ணினார். வைஸைப் பார்த்துவிட்டு, பெஞ்சின் காலை ஒரு தடவை பார்த்தார். பிறகு கண் சுவரில் இருந்த பலகைக்குப் போனது. ஸ்பேனரை அவர் பானா என்றுதான் சொல்வார்.

“இதுல ஒரு பானா இல்லையே?”

“வேணும்னுதான் விட்டேன் மாமா. யாரோ எடுத்திருக்கிற மாதிரி.”

“எந்த நம்பர்?”

அதை நான் யோசிக்கவே இல்லை. அவர் விரலை நீட்டாமல் கண்ணாலேயே கீழிருந்து எண்ணினார். எட்டு, பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு, பதிமூணு, பதினாலு. “அடுத்தது பதினேழு” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். “இன்ஜினைப் பிடிச்சிட்டிருக்கிறது நாலே நாலு போல்ட்டு. நாலும் பதினேழுதான். அது எப்படிப் பலகையில இருக்கும்? அதை வண்டிக்கு அடியில வை.”

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். செம்புக்கம்பி, சுத்தி, தீ, அரம். பத்தாவது பானா என்பதால் கை பழகியிருந்தது. வாயின் சாய்வு அவ்வளவு சுத்தமாக வேறெதிலும் வந்ததில்லை. பென்சில் கரி தேய்த்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மாமா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஜாக்கிக்குப் பக்கத்தில், மினுங்குகிற சொட்டுக்கு இந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில் என்று இடத்தையும் அவரே சொன்னார். இடுக்கியால் எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் கொண்டுபோனேன்.

இடுக்கியின் முனை கொஞ்சம் பிசகியது. டிக் என்று ஒரு சத்தம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டோம். காந்தத்தைக் கொண்டுவா என்றார். செம்பு மாமா என்றேன். “நாற்பது வருஷம் இதைத்தான் தேடிட்டிருந்தேன்” என்று நாற்காலிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. பதினொரு மணிவரை தேடினோம். கிடைக்கவில்லை.